பெரியப்பா மகன்: வெசெக்ஸ் அரசகுலத்தில் அண்ணன் தம்பியரும் அரியணையும்



ஆங்கில மொழியின் தொல்வடிவத்தில் எழுதப்பெற்ற ஆண்டுக்குறிப்பு நூல் ஒன்று உண்டு. ஆங்கிலோ சாக்சன் ஆண்டேடு என்று அதனை அழைப்பர். கி.பி. 899ஆம் ஆண்டில் மன்னர் ஆல்ஃபிரெட் மறைந்ததையும் அவர் மகன் எட்வர்ட் ஆட்சிக்கு வந்ததையும் சொன்ன கையோடு, எதெல்வோல்ட் என்பவர் புது மன்னருக்கு எதிராக எழுந்தார் என்று அந்த ஏடு கூறுகிறது. யார் இந்த எதெல்வோல்ட்? எட்வர்டுடைய 'ஃபெதெரா'வின் மகன் என்பதே அது தரும் விளக்கம். ஃபெதெரா என்றால் தந்தையின் உடன்பிறந்தவர்.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நான், இந்தப் பகுதியைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தபோது இந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். தந்தையின் உடன்பிறந்த ஆணைப் பொதுப்படச் சுட்டும் சொல் நம் பேச்சு வழக்கில் இல்லை. பெரியப்பா உண்டு, சித்தப்பா உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்வதற்கு மூத்தவர் யார் என்பது தெரிந்தாக வேண்டும். குலவரிசையைப் புரட்டிப் பார்த்தேன். எதெல்வோல்டின் தந்தை, ஆல்ஃபிரெடுக்கு அண்ணன். ஆகவே எதெல்வோல்ட், எட்வர்டுக்குப் பெரியப்பா மகன். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, பழைய ஆங்கிலச் சொல் மூடி வைத்திருந்த வழக்கைத் தமிழ்ச் சொல் திறந்து காட்டிவிட்டதென்று. முன்னர் ஆண்ட அண்ணனின் மகன் உயிரோடு இருக்கையில், பின்னர் ஆண்ட தம்பியின் மகன் எவ்வாறு அரியணை ஏறினார்? பாரதக் கதை கேட்டு வளர்ந்த செவிகளுக்கு இவ்வினா புதிதன்று. விடையை மட்டும் அந்த மண்ணிலேயே தேட வேண்டும்.

கதைக்குள் நுழையுமுன் பெயர்களைப் பற்றிச் சில சொற்கள். இக்குடும்பத்தில் எல்லாரும் 'எதெல்' என்றே தொடங்குகிறார்கள். முதன்முறை படிப்பவர் திணறிப்போவது இயல்பு. எதெல் என்றால் உயர்குடி. எதெல்வுல்ஃப், உயர்குடி ஓநாய். எதெல்பால்ட், உயர்குடித் துணிவர். எதெல்பெர்ட், உயர்குடி ஒளியர். எதெல்ரெட், உயர்குடி அறிவுரை. உடன்பிறந்தார் பெயர்கள் மோனையால் இணைந்து நிற்க வேண்டும் என்பது பழைய ஜெர்மானிய வழக்கம். ஆல்ஃபிரெட் என்பதற்கு, எல்ஃப் எனப்படும் தேவதைகளின் அறிவுரை என்று பொருள். எதெல் இல்லாத ஒரே மகன் அவர்தாம். எனினும் உயிரெழுத்துத் தொடக்கத்தால் மோனை கெடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்பெயர்களின் நடுவே வரும் ஒலியைத் தமிழின் தகரம் தடையின்றித் தருகிறது. இரண்டு உயிர்களுக்கிடையே தனித் தகரம் மெலிந்து ஒலிப்பது நம் மொழியின் இயல்பு. அவ்விடத்தில் பழைய ஆங்கிலத்தின் ஒலியும் அதுவே. அரசகுலத்தில் பிறந்து, அரியணைக்கு உரிமை கோரத் தகுந்த ஆணை 'எதெலிங்' என்றனர். அச்சொல்லை நினைவில் கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வெசெக்ஸ் என்பது தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் இருந்த அரசு. தந்தைக்குப் பின் மகன் என்னும் முறை அங்கு வேரூன்றியிருந்ததாக எண்ண வேண்டா. செர்டிக் என்னும் முன்னோரின் வழிவந்தவர் என்று காட்டக்கூடியவர், வலிமையும் ஆதரவும் உடையவர், அவரே மன்னர். ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஏறத்தாழ 200 ஆண்டுகள் எந்த மகனும் தந்தையை நேரடியாகத் தொடர்ந்து அங்கே முடிசூடவில்லை. 802இல் ஆட்சிக்கு வந்த எக்பெர்ட் 839இல் மறைந்து, அவர் மகன் எதெல்வுல்ஃப் மன்னரானபோதுதான் அந்த நிலை மாறியது. 825இல் எக்பெர்ட் வென்று சேர்த்த கென்ட் முதலிய கிழக்குப் பகுதிகளை மகனிடம் ஒப்படைத்திருந்தார். மகன் கிழக்கில் பழகி, பின் மேற்குக்கு வந்தார்.

எதெல்வுல்ஃபுக்கு ஐந்து மகன்கள். மூத்தவர் எதெல்ஸ்தான் கென்டை ஆண்டார். 851இல் சாண்ட்விச் அருகே கப்பலேறி வைக்கிங் படையோடு போரிட்டார். அதன்பின் அவர் செய்தி இல்லை. எஞ்சியவர் நால்வர்: எதெல்பால்ட், எதெல்பெர்ட், எதெல்ரெட், ஆல்ஃபிரெட். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அரியணை ஏறினார்கள். அண்ணனுக்குப் பின் தம்பி என்பது அந்நாட்டு மரபுபோலத் தோன்றும். மரபு அன்று, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நெருக்கடி அவ்வாறு முடிவு செய்தது.

முதல் நெருக்கடியைக் கொண்டுவந்தவர் தந்தையே. 855இல் எதெல்வுல்ஃப் கடைக்குட்டி ஆல்ஃபிரெடை அழைத்துக்கொண்டு ரோமுக்குப் புனிதப் பயணம் சென்றார். திரும்பும் வழியில், 856 அக்டோபர் முதல் நாள், பிராங்கியர் மன்னர் சார்ல்ஸின் மகள் ஜூடித்தை மணந்தார். ஜூடித் அப்போது சிறுமி. மணமேடையிலேயே அவளுக்கு அரசியாக முடிசூட்டப்பட்டது. வெசெக்ஸில் மன்னரின் மனைவியை அரசி என்று அழைக்கும் வழக்கமே இல்லை. முடிசூடிய அரசியின் வயிற்றில் ஒரு மகன் பிறந்தால் மூத்தாள் பிள்ளைகளின் கதி என்ன? நாட்டைக் காத்திருந்த எதெல்பால்ட், ஷெர்போர்ன் ஆயரையும் சாமர்செட் ஆளுநரையும் துணைகொண்டு தந்தைக்கு எதிராக நின்றார். உள்நாட்டுப் போர் மூளவில்லை, நாடு இரண்டாயிற்று. மேற்கு மகனுக்கு, கிழக்கு தந்தைக்கு. இரண்டு ஆண்டுகளில், 858இல், தந்தை இறந்தார். எதெல்பால்ட் அடுத்துச் செய்த செயல் அக்காலத்தாரையே முகம் சுளிக்க வைத்தது: சிற்றன்னையான ஜூடித்தையே மணந்துகொண்டார். அவளுடைய முடியின் மதிப்பு பிறர் கைக்குப் போகக் கூடாது என்று எண்ணினார் போலும். 860இல் அவரும் பிள்ளையின்றி இறந்தார்.

இங்கே நாம் ஆல்ஃபிரெடின் உயிலைக் கையில் எடுக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற இந்த ஆவணம், வின்செஸ்டர் புது மடத்தில் பதினோராம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட படி ஒன்றால் நமக்குக் கிடைத்திருக்கிறது. உயில் என்றால் இன்னாருக்கு இன்னது என்னும் பட்டியல் என்றே நினைப்போம். ஆல்ஃபிரெடோ பட்டியலைத் தொடங்குமுன் ஒரு நீண்ட முன்கதை சொல்கிறார். வேறெவரும் கேளாத கேள்விக்கு விடை கூறுவார்போல் அந்த முன்கதை அமைந்திருக்கிறது.

அவர் சொல்வது இது. தந்தை எதெல்வுல்ஃப் தம் சொத்தை எதெல்பால்ட், எதெல்ரெட், ஆல்ஃபிரெட் மூவருக்கும் கூட்டாக விட்டார். மூவரில் நெடுநாள் வாழ்பவர் முழுவதையும் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாமவரான எதெல்பெர்ட் அதில் இல்லை. அவருக்குக் கென்ட் தனியே போயிற்று. எதெல்பால்ட் இறந்தபோது எஞ்சிய பங்காளிகள் இருவரும் இளையர். ஆல்ஃபிரெடுக்கு வயது பதினொன்று பன்னிரண்டு இருக்கும். நாடாளும் பெரியோர் சாட்சியாக இருவரும் தங்கள் பங்கை எதெல்பெர்ட்டிடம் ஒப்படைத்தார்கள், பெற்றபடியே திருப்பித் தருவதாக அவர் வாக்களித்தார், தந்தார். ஐந்து ஆண்டுகள் கென்டையும் வெசெக்ஸையும் ஒன்றாக ஆண்டு 865இல் அவர் மறைந்தார். இந்த எதெல்பெர்ட்டைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. தம்பியர் சொத்தை வாங்கி, வாக்குத் தவறாமல் திருப்பிக் கொடுத்த ஓர் அண்ணனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் போலும். எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு.

அடுத்து எதெல்ரெட் மன்னரானார். பெரியோர் முன்னிலையில், என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று ஆல்ஃபிரெட் கேட்டார். பலமுறை முயன்றும் எளிதில் பிரிக்க முடியவில்லை என்றார் அண்ணன். பொதுச் சொத்தையும் தாம் தேடியதையும் தமக்குப் பின் தம்பிக்கே விடுவதாகச் சொன்னார். தம்பி ஒப்புக்கொண்டார். பிரித்தால் எதெல்ரெட் படை திரட்டவும் தலைவர்களைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளவும் நிலம் போதாது. கொடை கொடுக்க நிலமில்லாதவர் மன்னராக நீடிக்க முடியாத காலம் அது. ஆகவே சொத்துப் பேச்சு என்று நாம் படிப்பது, உள்ளபடியே அரியணைப் பேச்சு. இதனை மறுக்கும் ஆய்வாளரும் உண்டு; உயில் நிலத்தைப் பற்றியதே, ஆட்சியைப் பற்றியதன்று என்பர். அவ்வளவு நிலத்தையும் ஒருவரிடமே சேர்த்துவிட்டு ஆட்சியை இன்னொருவருக்குக் கொடுப்பது எவ்வாறு இயலும் என்பதற்கு அவர்களிடம் நிறைவான விடையை நான் காணவில்லை.

865ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வைக்கிங்குகளின் பெரும்படை கிழக்கு ஆங்கிலியாவில் வந்திறங்கியது. கொள்ளையடித்துத் திரும்பிய முந்தைய கூட்டங்கள்போல் அன்றி, இது தங்க வந்த படை. நார்தம்பிரியா வீழ்ந்தது, கிழக்கு ஆங்கிலியா வீழ்ந்தது. 870ஆம் ஆண்டின் இறுதியில் படை வெசெக்ஸுக்குள் நுழைந்து ரெடிங்கில் முகாமிட்டது. அடுத்த ஓராண்டில் தேம்ஸுக்குத் தெற்கே ஒன்பது பெரும்போர்கள் நடந்தன என்று ஆண்டேடு எண்ணிச் சொல்கிறது.

அந்த நெருப்பு நடுவே சுவின்பெயோர்க் என்னும் இடத்தில் பெரியோர் கூடிய அவையில் அண்ணனும் தம்பியும் புதிய உடன்பாடு செய்தார்கள். சுவின்பெயோர்க் என்றால் பன்றிக்குன்று. இருவருக்கும் அப்போது பிள்ளைகள் இருந்தன, அல்லது பிறக்கும் நிலை இருந்தது. எவர் நெடுநாள் வாழ்கிறாரோ அவரே கூட்டுச் சொத்து முழுவதையும் பெறுவார். ஆனால், முந்தி இறந்தவருடைய பிள்ளைகளுக்கு, அவரவர் தாமே தேடிய நிலங்களையும் தந்தை தம் வாழ்நாளில் தனியே கொடுத்த நிலங்களையும் மற்றவர் தந்துவிட வேண்டும். இதுதான் வாக்கு. போர்க்களத்தில் நாளை யார் விழுவார் என்று தெரியாத இருவர், பெற்றெடுத்த பிள்ளைகளை ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்துக்கொண்டார்கள். குழந்தை மன்னரை வைத்துக்கொண்டு அந்தப் படையை எதிர்க்க முடியாது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். வெசெக்ஸ் பிழைத்ததற்கு இந்த உடன்பாடு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த அவையில் பேச வாய் இல்லாத குழந்தைகள்.

871 சனவரியில் ஆஷ்டவுனில் வெற்றி கிடைத்தது. அடுத்தடுத்துத் தோல்விகளும் வந்தன. ஏப்ரலில், ஈஸ்டருக்குப் பின், எதெல்ரெட் இறந்தார். விம்போர்னில் அடக்கம் செய்யப்பட்டார். இந்த ஊரையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அவருக்கு எதெல்ஹெல்ம், எதெல்வோல்ட் என்று இரண்டு சிறுவர். தம்பி ஆல்ஃபிரெட் ஆட்சிக்கு வந்தார் என்று ஆண்டேடு ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறது. சிறுவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த மௌனத்தைச் சற்றே தட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டேடு தொகுக்கப்பட்டது 890களில், ஆல்ஃபிரெடின் ஆட்சியில். 853இல் நான்கு வயதுச் சிறுவனாக ஆல்ஃபிரெட் ரோமுக்குச் சென்றபோது போப்பாண்டவர் அவருக்கு மன்னராகத் திருநிலைப்படுத்தும் எண்ணெய் பூசினார் என்று அதே நூல் கூறுகிறது. அண்ணன்மார் உயிரோடிருக்க, கடைசித் தம்பியை எவர் மன்னராக்குவார்? முடிவைத் தெரிந்துகொண்டவர்கள் தொடக்கத்தை எழுதியிருக்கிறார்கள். 893இல் ஆல்ஃபிரெடின் வாழ்க்கையை இலத்தீனில் எழுதிய அசர் என்னும் வேல்ஸ் நாட்டுத் துறவி இன்னும் ஒரு படி மேலே போகிறார். அண்ணன் உயிரோடிருக்கும்போதே ஆல்ஃபிரெட் விரும்பியிருந்தால் எல்லாருடைய இசைவோடும் ஆட்சியை ஏற்றிருக்கலாம் என்கிறார். அண்ணன் மக்களைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. அரசவையில் இருந்துகொண்டு எழுதுபவர் எதைச் சொன்னார் என்பதைவிட எதைச் சொல்லாமல் விட்டார் என்பது சில வேளை அதிகம் பேசும்.

அந்த மௌனத்தை உடைக்கும் ஒரே ஆவணம் ஆல்ஃபிரெடின் உயில்தான் என்பது வியப்பு. அண்ணன் இறந்த பிறகு சொத்துப் பூசல்கள் பல எழுந்தன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 'இர்ஃபெ' என்றால் வழிவழிச் சொத்து. அதனோடு 'பூசல்' என்னும் சொல்லைச் சேர்த்து ஒரு தொகைச்சொல்லாக அவர் ஆள்கிறார். பூசலைக் கிளப்பியவர் பெயரை எழுதவில்லை. பிறகு, தந்தையின் உயிலை லங்கன்டென்னில், அதாவது நெடும்பள்ளத்தாக்கில், கூடிய பெரியோர் அவைக்குக் கொண்டுவந்து படிக்கச் செய்ததைச் சொல்கிறார். அந்தப் பெரியோரைக் குறிக்கும் சொல் 'விட்டன்', அறிந்தோர். வடமொழியின் 'வித்' என்னும் வேரும் இச்சொல்லின் வேரும் ஒரே தொன்மொழியிலிருந்து பிரிந்தவை. நாம் வடமொழியிலிருந்து பெற்ற வித்தை என்னும் சொல்லுக்கு வெசெக்ஸ் அவையோர் இவ்வாறு தூரத்து உறவு ஆகிறார்கள்.

அவர்களைப் பார்த்து மன்னர் கேட்டார்: என்மீது அன்போ அச்சமோ கொண்டு எவரும் சட்டத்தைச் சொல்லத் தயங்க வேண்டா, என் உறவுப் பிள்ளைகளுக்கு, மூத்தவருக்கோ இளையவருக்கோ, நான் அநீதி செய்தேன் என்று பின்னால் எவரும் சொல்லக் கூடாது. இங்கு அவர் ஆளும் சொல் 'மெய்சில்ட்'. உறவும் குழந்தையும் சேர்ந்த தொகைச்சொல். அண்ணன் மக்கள் என்று நேராகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவை ஒரே குரலில் விடை சொன்னது: உம்முடையதைவிட நேரிய உரிமையை எங்களால் எண்ணிப்பார்க்கவே முடியவில்லை. வாள் இடையில் தொங்க, அரியணையில் அமர்ந்திருப்பவர், அஞ்சாமல் சொல்லுங்கள் என்று கேட்டால் வேறென்ன விடை வரும்? ஆனால் ஆல்ஃபிரெடைப் பொய்யர் என்று சொல்ல என் நா எழவில்லை. உடன்பாடு உண்மையாகவே நடந்திருக்கலாம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்தது என்பதே நான் கவனிப்பது. இதற்கு முன் வேறு வகையாக எழுதிய உயில்களைப் பலரிடம் கொடுத்திருந்ததாகவும், கிடைத்த பழைய படிகளை எல்லாம் எரித்துவிட்டதாகவும் அதே ஆவணத்தில் கூறுகிறார்.

இனிப் பங்கீடு. மூத்த மகன் எட்வர்டுக்குக் கார்ன்வாலில் தொடங்கி டெவன், சாமர்செட், வில்ட்ஷர், ஹாம்ப்ஷர் எனப் பரந்து கிடக்கும் நிலங்கள். அவற்றோடு கென்டில் உள்ள பட்டய நிலம் முழுவதும். மனைவி எயல்ஸ்வித்துக்கு லாம்போர்ன், வாண்டேஜ், எடிங்டன். வாண்டேஜ் ஆல்ஃபிரெட் பிறந்த ஊர். எடிங்டன் 878இல் அவர் வைக்கிங் படையை முறியடித்த களம். மனைவிக்கு எதைக் கொடுத்தார் என்பதில் ஒரு கனிவு தெரிகிறது. அண்ணன் மகன் எதெல்ஹெல்முக்கு எட்டு ஊர்கள். எதெல்வோல்டுக்கு மூன்று: கோடல்மிங், கில்ட்ஃபர்ட், ஸ்டெய்னிங். பெரும்பாலும் சர்ரேயிலும் சசெக்ஸிலும் உள்ளவை. வெசெக்ஸின் நெஞ்சுப்பகுதியில் அல்ல. ஆஸ்ஃபெர்த் என்னும் உறவினர் ஒருவருக்கே எதெல்வோல்டைவிடக் கூடுதலான ஊர்கள் கிடைத்தன. பொற்காசுகளில் அண்ணன் மக்கள் ஒவ்வொருவருக்கும் 100 மங்குஸ்; ஒரு மாவட்ட ஆளுநருக்குக் கொடுத்த அதே அளவு. மகன்கள் இருவருக்கும் ஆளுக்கு 500 பவுண்டு வெள்ளி. ஒரு மங்குஸ் என்பது 30 வெள்ளிக் காசு. ஒரு பவுண்டு 240 காசு. கணக்கு உங்களுக்கே விளங்கும்.

நிலம் ஆண்வழியிலேயே நிற்க வேண்டும் என்று பாட்டனார் எக்பெர்ட் விரும்பியதை இங்கே ஆல்ஃபிரெட் நினைவூட்டுகிறார். ஆண்வழிக்கு அவர் சொல்லும் சொல் வேல்பக்கம். பெண்வழிக்குக் கதிர்ப்பக்கம், நூல் நூற்கும் கதிர். மொழியியல் படித்தவனுக்கு இத்தகைய சொற்கள் விருந்து. ஆனால் வேல்பக்கம் என்றால், மூத்த வேல் எது, இளைய வேல் எது என்ற கேள்வியும் உடன் வருகிறதே. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

எதெல்வோல்டின் உரிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 868ஆம் ஆண்டின் நிலக்கொடை ஆவணம் ஒன்றில் உல்ஃப்த்ரித் என்னும் பெண் அரசி என்ற பட்டத்தோடு சாட்சியாக நிற்கிறார். எதெல்ரெடின் மனைவி அவரே என்பது ஆய்வாளர் கொள்கை. எயல்ஸ்வித்துக்கோ கணவர் வாழ்நாளில் அப்பட்டம் இல்லை. அரசியின் மகன் ஒருவர்; அரசி அல்லாதவரின் மகன் மற்றவர். ஆல்ஃபிரெட் இதை உணராதவர் அல்லர். மகனைப் படிப்படியாக முன்னிறுத்தினார். 893இல் ஃபார்னம் போரில் எட்வர்ட் படை நடத்தினார். 898இல் கென்ட் ஆவணம் ஒன்றில் அரசர் என்ற பட்டத்துடன் சாட்சியானார். ஆயினும், எதெல்வோல்டும் எட்வர்டும் சேர்ந்து சாட்சி நிற்கும் ஒரே ஆவணத்தில் எதெல்வோல்டின் பெயர்தான் முன்னே இருக்கிறது.

899 அக்டோபர் 26ஆம் நாள் ஆல்ஃபிரெட் மறைந்தார். எதெல்வோல்ட் கைப்பற்றிய இடங்களில் ஒன்று விம்போர்ன். அவர் தந்தையின் கல்லறை இருந்த ஊர். ஆண்டேடு அதை எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எட்வர்ட் படையோடு அருகிலிருந்த பேட்பரிக் கோட்டையில் வந்து தங்கினார். வாயில்களை அடைத்துக்கொண்டு, வாழ்ந்தாலும் செத்தாலும் இங்கேதான் என்றார் எதெல்வோல்ட். அன்றிரவே குதிரையேறித் தப்பி வடக்கே நார்தம்பிரியாவுக்குப் போய்விட்டார். வீரத்துக்கு அழகில்லை என்போர் உண்டு. உயிரோடிருந்தால்தானே உரிமை கோர முடியும். உடன் வைத்திருந்த கன்னித் துறவி ஒருத்தியை விட்டுவிட்டுப் போனார். ஆயரின் கட்டளைக்கு மாறாக மடத்திலிருந்து அழைத்து வரப்பட்டவள் என்று ஆண்டேடு குற்றம் சாட்டுகிறது. விம்போர்ன் மடம் அரசகுலப் பெண் ஒருத்தி நிறுவியது. ஜூடித்தின் கதையைப் போலவே இங்கும் ஒரு பெண் உரிமையின் அடையாளமாக இழுத்து வரப்பட்டிருக்கிறாள், பெயர்கூட எழுதப்படவில்லை.

வடக்கில் இருந்த டேனியர்கள் அவரை ஏற்றார்கள். கடல்வழியே கப்பல்களோடு எசெக்ஸுக்கு வந்தார். கிழக்கு ஆங்கிலியாவின் டேனியப் படையைத் தம் பக்கம் சேர்த்தார். மெர்சியாவைத் தாண்டி, தேம்ஸைக் கடந்து வெசெக்ஸுக்குள்ளேயே கொள்ளையிட்டுத் திரும்பினார். எட்வர்ட் பின்தொடர்ந்து கிழக்கு ஆங்கிலியாவைச் சூறையாடினார். திரும்பும்படி ஆணை பிறந்தபோது கென்ட் வீரர்கள் மட்டும் பின்தங்கினார்கள். எட்வர்ட் ஏழு தூதர்களை அனுப்பியும் அவர்கள் வரவில்லை. 902 டிசம்பர் 13ஆம் நாள் ஹோல்ம் என்னும் இடத்தில் டேனியப் படை அவர்களைச் சூழ்ந்தது. களம் டேனியர் வசமே நின்றது. ஆனால் எதெல்வோல்ட் கொல்லப்பட்டார். கிழக்கு ஆங்கிலியா மன்னர் எயோரிக்கும் வீழ்ந்தார். வென்ற பக்கத்தில் உரிமைக்காரர் இல்லாமல் போனார். தோற்ற பக்கத்தின் மன்னர் அரியணையில் உறுதியானார்.

அவரது இறப்பைச் சொல்லும் இடத்தில் ஆண்டேட்டின் படிகள் தமக்குள் வேறுபடுகின்றன. வின்செஸ்டர் தொடர்புடைய மிகப் பழைய படியில், எயோரிக் மன்னரைப் பகைமைக்குத் தூண்டிய எதெலிங் என்று இருக்கிறது. வேறு படிகளில், அவர்கள் தங்களுக்கு மன்னராகத் தேர்ந்துகொண்ட எதெலிங் என்று இருக்கிறது. ஒரு படியில் கலகத் தூண்டுநர். மற்றவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர். வேற்றுமை ஓர் இணைப்புத் தொடரில்தான். எனினும் இரண்டிலும் எதெலிங் என்ற பட்டம் மட்டும் நீங்கவில்லை. அதை நீக்க எவருக்கும் துணிவு வரவில்லை, அல்லது மனம் வரவில்லை.

ஹோல்மில் இறந்த கென்ட் தலைவர்களில் சிகெல்ம் ஒருவர். அவர் மகள் எயட்யிஃபுவைப் பின்னர் எட்வர்ட் மணந்தார். 924இல் எட்வர்ட் இறந்த பிறகு மூத்தாள் மகன் எதெல்ஸ்தான் ஆண்டார், மணம் செய்துகொள்ளவில்லை. 939இல் அவருக்குப் பின் எயட்யிஃபுவின் மகன் எட்மண்ட். 946இல் எட்மண்ட் கொலையுண்டபோது அவருடைய இரு மகன்களும் சின்னஞ்சிறுவர். தம்பி எட்ரெட் மன்னரானார். 871இன் நிலையே மீண்டும் வந்தது. இம்முறை தம்பி பிள்ளையின்றி 955இல் இறந்தார்; அண்ணன் மக்கள் அரியணை பெற்றார்கள். ஆல்ஃபிரெடுக்கு மகன் இல்லாதிருந்தால் எதெல்வோல்டின் கதையும் இவ்வாறே முடிந்திருக்கும்.

அந்த அண்ணன் மக்களில் மூத்தவர் எட்விக். அவர் எல்ஃப்யிஃபு என்னும் பெண்ணை மணந்தார். 958இல் தலைமை ஆயர் ஓடா அவர்களைப் பிரித்து வைத்தார். உறவு மிக நெருக்கம், மணம் செல்லாது என்பது காரணம். அந்தப் பெண் எதெல்ரெடின் வழிவந்தவர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின், 871இல் பிரிந்த இரண்டு கிளைகளும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் மணமேடையில் சேர முயன்றன. உறவு என்பதே அவற்றை மீண்டும் பிரித்தது.

அவருடைய அண்ணனோ தம்பியோ என்று கருதப்படும் எதெல்வெயர்ட், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு மாவட்டங்களின் ஆளுநராக இருந்தார். அரியணைக்கு அருகில் நின்று, அதன்மீது கண் வைக்காமல், ஆண்டேட்டை இலத்தீனில் திருப்பி எழுதினார். ஆளுநர் ஒருவர் நூல் எழுதுவது அக்காலத்தில் அரிது. அவருடைய இலத்தீன் கரடுமுரடானது என்று அறிஞர்கள் இன்றும் குறை சொல்வார்கள். அந்நூலின் கைப்படி 1731ஆம் ஆண்டின் தீயில் ஏறக்குறைய முழுவதும் கருகிப்போயிற்று. நல்வாய்ப்பாக 1596இலேயே அது அச்சேறியிருந்தது. நூலை அவர் எழுதியது ஜெர்மனியில் எசன் நகரத்துக் கன்னிமடத் தலைவி மடில்டாவுக்காக. மடில்டா, எட்வர்டின் மகள் வயிற்றுப் பேரன் லியுடோல்ஃபின் மகள். அதாவது ஆல்ஃபிரெடின் கிளை, வெசெக்ஸின் சொல்லில் கதிர்ப்பக்கம். எதெல்வெயர்ட் எதெல்ரெடின் கிளை. நூலின் முன்னுரைக் கடிதத்தில் அவர் உறவு முறையை விளக்குகிறார்: எதெல்வுல்ஃபின் மகன் ஆல்ஃபிரெடின் வழியில் நீ வந்தாய், அவருடைய அண்ணன் எதெல்ரெடின் வழியில் நான் வந்தேன். தொலைவிலுள்ள உறவினரின் செய்திகளை உனக்குத் தெரிந்தவரை எனக்கு எழுதி அனுப்பு என்று கேட்டுக்கொள்கிறார்.